பெர்கோலாவில் கருவண்டுத் துளைகள்

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு பைன் மரப் பெர்கோலா இருக்கிறது. நான்கு கால், மேலே இரண்டு உத்திரம், அவற்றுக்குக் குறுக்கே நாலங்குல உயரமும் இரண்டங்குல அகலமும் கொண்ட சட்டங்கள். நிழலுக்காகப் போட்டது. பேஷன் ஃப்ரூட் கொடியை ஏற்றியதெல்லாம் அப்புறம்தான். பிப்ரவரி கடைசியில் அந்தச் சட்டங்களுக்கு நேர் கீழே தரையில் மரத்தூள் விழ ஆரம்பித்தது. காலையில் பெருக்கினால் சாயங்காலம் அதே இடத்தில் மறுபடியும் ஒரு சின்னக் குவியல்.

மரத்தூளைப் பார்த்ததும் கரையான் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வீட்டிலும் அதையே சொன்னார்கள். ஆனால் கரையான் இப்படித் தூள் கொட்டாது. மண்ணால் பாதை கட்டிக்கொண்டு ஏறி, மேல்தோலை விட்டுவிட்டு உள்ளே தின்னும். உளுத்த மரம் என்றால் குண்டூசி நுழையும் அளவுக்கு நிறையப் பொடி ஓட்டைகள் இருக்கும். அதிலிருந்து உதிர்வது மைதா மாவு போல நைசாக இருக்கும். இங்கே கிடந்ததோ விரலில் தேய்த்தால் நறநறக்கும் பெரிய தூள். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் சட்டத்தின் அடிப்பக்கத்தில் ஒரு துளை, சுத்தமான வட்டம். 12 மில்லிமீட்டர் டிரில் பிட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன், தடையில்லாமல் உள்ளே போனது. துளைக்கு நேர் கீழே தரை ஓட்டில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை. அது வண்டின் எச்சம், கூடவே சிந்திய மகரந்தம். இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் வேறு சந்தேகமே வேண்டாம், கருவண்டுதான்.

நாம் வண்டு என்கிறோமே தவிர, இது தேனீ இனம். சைலோகோபா என்ற பேரினம்; உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. சென்னையில் சாதாரணமாகக் கண்ணில் படுவது உடம்பு முழுக்கக் கறுப்பாக, சிறகில் கருநீல மினுமினுப்போடு, 'உர்ர்' என்ற கனத்த சத்தத்தோடு வரும் பெரிய வகை. சில வகைகளில் பெண் கறுப்பு, ஆண் மஞ்சள். பார்க்கிறவர்கள் இரண்டு வேறு பூச்சிகள் என்றே நினைப்பார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டே பயந்துவிட்டார். "தம்பி, கதம்ப வண்டு மாதிரி இருக்கு. ஃபயர் சர்வீஸுக்கு ஒரு போன் போட்டுடுங்க. பசங்க மாடியிலதான் விளையாடுதுங்க" என்றார். அவர் பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. கதம்ப வண்டு, அதாவது கதண்டு, கொட்டி ஆட்கள் செத்த செய்திகள் நம் ஊர்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. ஆனால் கதண்டு கூட்டமாக வாழும் குளவி. பெரிய கூடு கட்டும், கூட்டைத் தொட்டால் மொத்தமாகக் கிளம்பி வரும். கருவண்டுக்குக் கூட்டம் கிடையாது. ஒரு பெண் வண்டு, ஒரு துளை. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய கொட்டாது. நம் முகத்துக்கு நேரே வந்து அந்தரத்தில் நின்று மிரட்டுகிறதே, அது ஆண். அதற்குக் கொடுக்கே இல்லை, வெறும் உதார்தான். அக்காவிடம் இதைச் சொன்னேன். "எது ஆண் எது பெண்ணுன்னு பார்த்துட்டா நிக்க முடியும்?" என்று கேட்டார். அதுவும் சரிதான். வேலை முடிகிற வரைக்கும் பசங்களை அந்தப் பக்கம் விட வேண்டாம் என்று பேசிக்கொண்டோம்.

உள்ளே எவ்வளவு போயிருக்கிறது?

வெளியே தெரிகிற துளையைப் பார்த்து சேதத்தைக் கணக்கிட முடியாது. கருவண்டு மரத்தைத் தின்பதில்லை, கடித்துத் துப்பி வீடு கட்டுகிறது. முதலில் மரத்தின் ரேகைக்குக் குறுக்கே அரை அங்குலம், ஓர் அங்குலம் உள்ளே போகும். அப்புறம் சட்டென்று செங்கோணத்தில் திரும்பி ரேகைவாக்கில் ஓடும். புதிதாகப் போட்ட சுரங்கம் நான்கிலிருந்து ஆறு அங்குல நீளம் இருக்கும். பழைய சுரங்கத்தையே அடுத்த தலைமுறையும் அதற்கடுத்ததும் எடுத்துக்கொண்டு நீட்டிக்கொண்டே போனால் அடிக்கணக்கில் ஓடும், கிளையும் பிரியும். சுரங்கத்துக்குள் அறை அறையாகத் தடுப்பு. ஒவ்வோர் அறையிலும் மகரந்தமும் தேனும் பிசைந்த ஓர் உருண்டை, அதன்மேல் ஒரே ஒரு முட்டை. அப்புறம் மரத்தூளை எச்சில் கலந்து குழைத்து ஒரு சுவர். பூச்சிகள் இடும் முட்டைகளிலேயே மிகப் பெரியவை இந்தப் பேரினத்தில்தான் இருக்கின்றன. சில வகைகளில் ஒரு முட்டை ஒன்றரை சென்டிமீட்டர் நீளம்கூட இருக்கும்.

உள்ளே அளக்க சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டால் திருப்பத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. ஜன்னல் திரை மாட்டும் ஸ்பிரிங் கம்பிதான் கைகொடுத்தது. அது வளைந்து திரும்பி, சுரங்கம் போகிற வழியிலேயே போகும். போகாத இடத்தில் நிறுத்தி, துளை வாய்க்கு நேராகக் கம்பியில் பேனாவால் குறித்துவிட்டு வெளியே இழுத்து அளந்தால் நீளம் தெரிந்துவிடும். குடியிருக்கும் துளையில் இதைச் செய்யக் கூடாது, அறைகள் உடைந்துவிடும். அங்கே சுத்தியல் காம்பால் சட்டத்தை மெல்லத் தட்டிக்கொண்டே போனால் போதும். சுரங்கம் இருக்கும் வரை ஒரு சத்தம், முடிந்ததும் வேறு சத்தம். ராத்திரி அமைதியில் காதை வைத்துக் கேட்டால் உள்ளே கரகரவென்று சுரண்டுவதும் கேட்கும்.

இப்படிச் சட்டம் சட்டமாகப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. அத்தனை துளையும் சட்டங்களின் அடிப்பக்கத்திலும், சுவரோரமாக ஒளிந்திருக்கும் முனைகளிலும்தான் இருந்தன. பெயின்ட் அடித்த பக்கவாட்டில் ஒன்றுகூட இல்லை. பெர்கோலா போட்டபோது பெயின்டர் கண்ணுக்குத் தெரிகிற பக்கங்களை மட்டும் பளபளவென்று அடித்துவிட்டு, அடியையும் மேல்முகத்தையும் வெட்டு முனைகளையும் வெறும் மரமாகவே விட்டிருக்கிறார். இது அவர் ஒருவரின் பழக்கம் அல்ல. மாடி ஷெட், கேட், பால்கனித் தடுப்பு எங்கே போய்ப் பார்த்தாலும் கதை இதுதான். பெயின்ட் படாமல் வெயிலில் வெளுத்த மெத்தென்ற மரம், மழை நேராக விழாத மறைவு, கீழே பறந்து ஏற வசதி. கருவண்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பலம் குறைந்துவிட்டதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். எங்கள் தச்சர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, பைன் கட்டை பேக்கிங் பெட்டிக்குத்தான் லாயக்கு. வெளியில போடறதுன்னா வேங்கையோ கோங்கோ போட்டிருக்கணும். மொத்தத்தையும் கழட்டிடலாம்" என்றார். மரத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. வேங்கையும் கோங்கும் வெயில் மழையைத் தாங்குகிற மாதிரி பைன் தாங்காது. ஆனால் மொத்தத்தையும் கழற்ற வேண்டுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

100 மில்லிமீட்டர் உயரம், 50 மில்லிமீட்டர் அகலம் உள்ள ஒரு சட்டம். அதன் நடு உயரத்தில், நீளவாக்கில் 15 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு சுரங்கம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வளைவைத் தாங்கும் பலத்தில் குறைவது 0.1 சதவீதம்கூட இல்லை. ஏனென்றால் சட்டம் பாரத்தில் வளையும்போது மேல் விளிம்பு நசுங்கப் பார்க்கிறது, கீழ் விளிம்பு இழுபடுகிறது. நடுவில் இருக்கிற மரத்துக்குப் பெரிய வேலை இல்லை. அதே சுரங்கம் கீழ் விளிம்புக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மேலே ஓடினால் குறைவு ஏழெட்டு சதவீதம் ஆகிவிடும். கருவண்டு அடிப்பக்கமாக நுழைந்து உடனே திரும்புவதால் நமக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலைமைதான். அப்படியும் ஒரு சுரங்கத்துக்குச் சட்டம் முறியாது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மூன்று ஓடினால், அதுவும் சட்டத்தின் நடுநீளத்தில் ஓடினால், யோசிக்க வேண்டும். சட்டமும் உத்திரமும் சேரும் இடத்தில் ஓடினாலும் யோசிக்க வேண்டும். அங்கே ஸ்க்ரூ பிடிப்பதற்கு மரமே இருக்காது.

உண்மையில் பைனைக் கொல்வது தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெயின்ட் இல்லாத மேல்முகம் வழியாகவும் வெட்டு முனை வழியாகவும் தண்ணீர் இறங்கி, கீழே இருக்கும் சுரங்கத்தில் தேங்குகிறது. வெளியேற வழி இருப்பது ஒரு சின்ன வட்டம். அதிலும் பாதி தூளால் அடைந்திருக்கும். உள்ளே ஈரம் காயாமல் பூஞ்சை பிடித்து மரம் சொதசொதவென்று ஆகிவிடும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: நல்ல மரம் எதிர்க்கும், அழுகிய மரம் உள்ளே வாங்கிக்கொள்ளும். எங்கள் பெர்கோலாவில் வண்டு மட்டும் துளைத்த சட்டங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. துளையோடு மேலே வெடிப்பும் சேர்ந்திருந்த சட்டங்கள்தான் கெட்டுப்போயிருந்தன. அவற்றை மட்டும் மாற்றுவது, மற்றதைப் பழுதுபார்ப்பது என்று தச்சரிடம் சொன்னேன். அவர் அரைமனதாகத்தான் சம்மதித்தார்.

வண்டை ஏன் கொல்லவில்லை

பூச்சி மருந்து அடிக்கிறவர் ஒருவரிடமும் கேட்டேன். துளைக்குள் மருந்துத்தூள் ஊதிவிட்டு, வண்டு அதைக் காலில் பூசிக்கொண்டு உள்ளே வெளியே போய்வர விட்டு, அப்புறம் அடைப்பதுதான் முறை என்றார். அது வேலை செய்யும் முறைதான். உடனே அடைப்பதைவிட இது புத்திசாலித்தனமும்கூட. இன்னொருவர் பெட்ரோலை ஊற்றச் சொன்னார். மரப்பந்தலில், மொட்டைமாடியில், சென்னை வெயிலில் பெட்ரோல்! அதோடு அடியிலிருந்து மேல்நோக்கி ஏறும் துளையில் ஊற்றினால் அது நம் தலையில்தான் கொட்டும்.

மருந்து வேண்டாம் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் கொடிதான். எங்களுடையது மஞ்சள் பேஷன் ஃப்ரூட். தாட்பூட் பழம் என்று மலைப்பக்கம் சொல்வார்களே, அந்தக் குடும்பம். மஞ்சள் வகை தன் மகரந்தத்தில் தானே காய்க்காது, வேறொரு கொடியின் மகரந்தம் வர வேண்டும். எதிர்வீட்டு மாடியில் இன்னொரு கொடி இருக்கிறது. ஆனால் அங்கிருந்து இங்கே யார் கொண்டு வருவது?

பூவை உட்கார்ந்து பார்த்தால் விடை தெரியும். மஞ்சள் வகையின் பூ நடுப்பகல் வாக்கில் விரியும், ராத்திரி மூடிக்கொள்ளும். ஒரே ஒரு நாள்தான். நடுவில் ஒரு தூண், அதில் ஐந்து மகரந்தப்பைகள் கீழ்நோக்கித் தொங்கும். அதற்கும் மேலே மகரந்தத்தை ஏற்கும் மூன்று சூல்முடிகள். பூ விரிந்த புதிதில் அவை மேலே நிமிர்ந்து நிற்கும், பிறகு மெல்ல வளைந்து மகரந்தப்பைகளின் மட்டத்துக்கு இறங்கி வரும். சாதாரணத் தேனீ வந்தால் மகரந்தத்தைச் சுரண்டிக்கொண்டு போய்விடும். அதன் முதுகு சூல்முடியை எட்டவே எட்டாது. சொல்லப்போனால் அது திருட்டு. கருவண்டு உட்கார்ந்தால்தான் உயரம் சரியாக இருக்கும். தேனுக்காக அது தூணைச் சுற்றிச் சுற்றி வரும்போது முதுகு முழுக்க மகரந்தம் அப்பும், அடுத்த பூவில் அதே முதுகு சூல்முடியில் உரசும். பிரேசிலில் பேஷன் ஃப்ரூட் தோட்டக்காரர்கள் கருவண்டுக்கென்றே மூங்கில் துண்டுகளையும் மரப்பெட்டிகளையும் தோட்டத்தில் வைக்கிறார்கள். வண்டு இல்லாவிட்டால் ஒவ்வொரு பூவையும் ஆள் வைத்துக் கையால் தொட வேண்டும். நான் தினமும் மத்தியானம் மாடியேறிப் பூவுக்குப் பூ பிரஷ் பிடிக்கிற ஆள் இல்லை.

கொடி இல்லாதவர்களுக்கும் இது உபயோகமான பூச்சிதான். தக்காளி, கத்தரிப் பூக்களில் மகரந்தப்பையின் முனையில் சின்ன ஓட்டை மட்டும் இருக்கும். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைத்தால்தான் மகரந்தம் கொட்டும். கருவண்டுக்கு அது தெரியும், கொசுத்தேனீக்கும் மலைத்தேனீக்கும் அந்த வித்தை வராது. சாலையோரக் கொன்றையிலும் இதே வேலையைத்தான் செய்கிறது. காலி மனைகளில் மண்டிக்கிடக்கும் எருக்குக்கு முக்கியமான மகரந்தத் தூதரும் இதுதான். எங்கள் தெருக்கோடியில் அப்படி ஒரு மனை இருக்கிறது. அது இருக்கிற வரைக்கும் இங்கே வண்டு வராமல் இருக்கப்போவதில்லை; இந்த முறை கொன்றாலும் அடுத்த பருவத்தில் வேறொன்று வரும். ஆகவே வண்டு மாடியில் இருக்கட்டும், என் சட்டத்தில் வேண்டாம்.

யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள

அடைக்கும் முன்பு துளை காலியா என்று உறுதிசெய்தே ஆக வேண்டும். உள்ளே வண்டு இருக்கும்போது அடைத்தால் அது பக்கத்தில் புதிதாக ஒரு வாசல் போட்டுக்கொண்டு வெளியே வரும். ஒரு துளை இரண்டாகும். வளர்ந்து முடித்த குஞ்சுகளும் அப்படியே கடித்துக்கொண்டு வரும்.

இருட்டிய பிறகு, வண்டு வீடு திரும்பிய நேரத்தில், ஒவ்வொரு துளையின் மேலும் செய்தித்தாள் துண்டை மைதாப் பசையால் ஒட்டினேன். காலையில் கிழிந்திருந்தால் ஆள் இருக்கிறது. ஓரம் எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்றும் கவனிக்க வேண்டும். வெளிப்பக்கம் மடிந்திருந்தால் உள்ளேயிருந்து கிளம்பியிருக்கிறது. உள்பக்கம் மடிந்திருந்தால் வெளியிலிருந்து ஒன்று வந்து இடம் பார்த்திருக்கிறது. கிழியாமல் அப்படியே இருக்கிற துளையை மேலும் சில ராத்திரிகள் பார்த்துவிட்டுத்தான் காலி என்று சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டேன். முட்டையிலிருந்து வளர்ந்து சிறகோடு வெளியே வர ஒன்றரை மாதம் அளவுக்கு ஆகும், வெளியே வரத் தயாரான பிறகும் புது வண்டுகள் கொஞ்ச நாள் வீட்டிலேயே தங்கும். அதனால் குடியிருக்கும் துளைகளுக்கு அவசரப்படவில்லை. காலியானதை முதலில் அடைத்துக்கொண்டே வந்தேன்.

மாற்ற வேண்டிய சட்டங்களில் ஒன்றில் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. அதில் கூடு இருந்த பகுதியை மட்டும் ராத்திரியில், வாயில் கொசுவலைத் துணியை அடைத்துவிட்டு, இரண்டடி நீளத்துக்கு அறுத்து எடுத்தோம். மின்ரம்பம் வேண்டாம் என்று கைரம்பத்தால் அறுத்தோம், அதிர்ச்சி குறையும். தச்சர் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான். "வண்டுக்கு வீடு மாத்திக் குடுக்கறோம், அட்வான்ஸ் வாங்குனீங்களா?" என்றார்.

அறுத்த துண்டை நேராக மாடியின் மறுகோடிக்குக் கொண்டுபோய்விட முடியாது. வெளியே போன வண்டு பழைய இடத்தை நினைவு வைத்துக்கொண்டு அங்கேதான் திரும்பும். பத்தடி தள்ளி வைத்தால் வீட்டைத் தேடிக்கொண்டே சுற்றும். அதனால் துண்டை முன்பு இருந்த இடத்துக்குக் கீழேயே, வாய் அதே திசையைப் பார்க்கும்படி கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, சில நாளுக்கு ஒருமுறை ஓர் அடி, ஓர் அடியாக நகர்த்தினேன். இப்போது அது தண்ணீர்த் தொட்டி நிழலில் தொங்குகிறது.

அடைத்த விதம்

காலியான துளையை முதலில் சுத்தம் செய்ய வேண்டும். பழைய தடுப்புச் சுவர், காய்ந்த மகரந்தம், செத்த புழு எல்லாம் உள்ளே இருக்கும்; அதன்மேல் பசை பிடிக்காது. ஸ்பிரிங் கம்பியை விட்டுச் சுழற்றி, சைக்கிள் பம்பில் மெல்லிய குழாயை மாட்டி ஊதினேன். கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்வது நல்லது, எல்லாம் முகத்தில்தான் வரும். அப்புறம் நல்ல வெயிலில் திறந்தபடியே காய விட்டேன். ஈரத்தோடு அடைத்தால் அழுகலை உள்ளே பூட்டி வைத்தது மாதிரி ஆகிவிடும்.

நிரப்புவதற்குப் பலரும் மரத்தூளும் பசையும் குழைத்துப் போடுவார்கள். வீட்டுக்குள் இருக்கும் நாற்காலிக்கு அது சரி. வெளியில் அது காய்ந்து சுருங்கி, ஓரத்தில் மயிரிழை இடைவெளி விடும், அதில் தண்ணீர் இறங்கும். அதைவிட முக்கியம், கருவண்டு அதைச் சுலபமாகக் கடித்துப் போட்டுவிடும். நான் அரால்டைட் மாதிரியான இரண்டு டியூப் எபாக்ஸியில் நைசான மரத்தூளைக் கலந்தேன். மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச் வாங்கி, முனையில் ரப்பர் குழாய் மாட்டித் திருப்பத்தைத் தாண்டி உள்ளே செலுத்தினேன். சுரங்கம் முழுவதையும் நிரப்பப் பார்த்தால் செலவு தாங்காது. இணைப்புக்குப் பக்கத்தில் இருப்பவற்றை முழுசாகவும், மற்றவற்றைத் திருப்பத்திலிருந்து நான்கைந்து அங்குலம் வரைக்கும் நிரப்பினால் போதும். சென்னை வெயிலில் எபாக்ஸி சீக்கிரம் இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும், காலையிலேயே வேலையை முடித்துவிட வேண்டும்.

வாயை அடைக்க முதலில் எவர்சில்வர் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் ஒரு உருண்டை. இரும்பு நார் வேண்டாம். துருப்பிடித்துச் சட்டத்தில் கறுப்பு வழியும். அதன்மேல் மரமுளை. துளையின் வாயை 16 மில்லிமீட்டர் பிட்டால் ஒரு தடவை சீராக்கிவிட்டு, தச்சர் பட்டறையில் கழிவாகக் கிடந்த தேக்கில் இழைத்த முளையைப் பசை தடவி, கொட்டாப்புளியால் அடித்து இறக்கினோம். நீட்டிக்கொண்டிருப்பதை ரம்பத்தால் சமமாக அறுத்து, ஓரத்துக்கு எம்-சீல், காய்ந்ததும் உப்புத்தாள். முளை கடினமான மரமாக இருக்க வேண்டும் என்பது தச்சரின் கட்டளை. "மெத்து மரத்துல முளை அடிச்சா அது திரும்ப அதே வாசல்லயே வரும்" என்றார்.

கீழ் விளிம்பில் சுரங்கம் நீளமாக ஓடிய சட்டங்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சட்டத்தைச் சேர்த்து, 304 வகை எவர்சில்வர் போல்ட் போட்டு இறுக்கினோம். துணைச் சட்டங்களும், மாற்றிய சட்டங்களும் வால்டாக்ஸ் சாலை மரக்கடையில் வாங்கிய பழைய வேங்கை. இடித்த வீட்டு மரம், நன்றாகக் காய்ந்தது. புதுப் பைனைவிட விலை அதிகம்தான், ஆனால் இனி முறுக்கிக்கொள்ளாது.

பெயின்ட்

இதுதான் உண்மையான மருந்து என்று இப்போது நினைக்கிறேன். தேக்கெண்ணெய், ஸ்டெயின், ஆளிவிதை எண்ணெய் என்று மரத்தின் ரேகை தெரிகிற பூச்சுகள் அழகாக இருக்கும், ஆனால் கருவண்டு அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. கெட்டியான பெயின்ட் படலத்தைத்தான் அது விரும்பாது. அதுவும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் இல்லை. பெயின்ட் உரிந்த இடமோ ஆணித் துளையோ கிடைத்தால் அங்கிருந்து தொடங்கிவிடும். கடலோரப் படகுக்காரர்கள் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது வழக்கம். பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும். அதைப் பூசலாமா என்று யோசித்தேன். கையில் பட்டால் தோல் வெந்துவிடும், காய நாளாகும், கொடியில் பழம் பறிக்கும் இடம். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நான்கு பக்கமும் உப்புத்தாள் போட்டு, மர பிரைமர் ஒரு கோட், பட்டி பார்த்து, எனாமல் இரண்டு கோட். வெட்டு முனைகளுக்கு மட்டும் இன்னும் ஒரு கோட் கூடுதலாக, ஏனென்றால் அங்கேதான் மரம் பெயின்டை உறிஞ்சிக்கொண்டே போகும். மாற்றிய சட்டங்களை மேலே ஏற்றும் முன்பே தரையில் வைத்து அடித்துவிட்டோம். ஏற்றிய பிறகு மேல்முகத்துக்கு பிரஷ் எட்டாது. பழைய சட்டங்களின் மேல்முகத்துக்குக் கொடியை ஒதுக்கிக் கட்ட வேண்டியிருந்தது, கொஞ்சம் கிளை முறிந்தது, அது தழைத்துவிடும். அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் முடிக்கப் பார்த்தோம். மத்தியான வெயிலில் அடித்தால் மேலே மட்டும் தோல் கட்டிக் கொப்புளம் வரும். காலையில் அல்லது நாலு மணிக்கு மேல்தான் அடிக்க வேண்டும்.

வண்டுக்கு வேறு இடம்

தொட்டி நிழலில் தொங்கும் துண்டுக்குப் பக்கத்தில் மூங்கில் துண்டுகளைக் கட்டாகக் கட்டிப் படுக்கைவாக்கில் வைத்திருக்கிறேன். உள்விட்டம் 12 முதல் 18 மில்லிமீட்டர், ஒருபக்கம் கணு மூடியிருக்கும்படி ஓர் அடிக்குள் அறுத்தது. வாய்ப்பக்கம் கொஞ்சம் தாழ்வாக இருந்தால் மழை உள்ளே தங்காது. கூடவே கல்யாண முருங்கையின் பட்ட கிளை ஒன்று. கிளையை இதுவரை எதுவும் சீண்டவில்லை. மூங்கிலில் ஒன்றுக்குள் தூள் தெரிகிறது, கீழே மஞ்சள் கறையும் விழுந்திருக்கிறது. பெர்கோலாவின் அடியில் புதுத் துளை இதுவரை இல்லை. ஆனால் பெயின்ட் அடித்த சட்டங்களின் கீழே ஒரு வண்டு வந்து முட்டி முட்டிப் பார்ப்பதை அவ்வப்போது பார்க்கிறேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுப் போய்விடும்.

மாதம் ஒருமுறை ஏணி போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தால் போதும். துளை அரை அங்குல ஆழத்தில் இருக்கும்போதே கண்டுபிடித்தால் ஒரு முளையும் ஒரு சொட்டு எனாமலும்தான் செலவு.

பாக்கி இருப்பது சட்ட முனைகளுக்குத் தகரத் தொப்பி. எனாமல் இருந்தாலும் வெட்டு முனையில் முதலில் வெடிக்கும் என்று தச்சர் சொல்கிறார், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஜிங்க் தகடு வாங்கி வைத்தாயிற்று. புரட்டாசிக்குள் வந்து மடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இப்போது அவருக்குக் கல்யாண சீசன் கட்டில் ஆர்டர்.